கசங்கிய சட்டைக்காரர்

என் இரண்டு கருவிழிகளும் பால் ஊற்றியது போல வெளுத்துப் போயிருந்தன. வீட்டிலேயே இஸ்திரி போட்டுப் பிழைக்கிறவன் நான். சுருக்கம் எங்கே என்று விரலால் தடவித்தான் பார்ப்பேன். ஆனால் மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் நிற்பார். அவர் மட்டும் துல்லியமாகத் தெரிவார். தொழில் புத்தி, முதலில் சட்டையைத்தான் பார்த்தேன். அத்தனையும் கசங்கல். அப்புறம் நிமிர்ந்தால், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கருவிழி மாற்றினார்கள். "இல்லாத ஆள் யாராவது தெரியுதா? கூச்சப்படாம சொல்லுங்க" என்று டாக்டரம்மா கேட்டார். இல்லவே இல்லை என்று சாதித்தேன். பைத்தியம் என்று பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

முதலில் வலது கண். வீட்டுக்கு வந்து பார்த்தேன், யாருமில்லை. அந்தக் கண்ணைப் பொத்தினேன். நின்றார், மேஜைக்கு என் பக்கம் வந்து. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். இடது கண்ணுக்கும் தேதி கொடுங்கள் என்று ஒரு வருஷம் நச்சரித்தேன். அதுவும் முடிந்தது. ஆள் ஒழிந்தார்.

"இது பரம்பரையா வர்றது. உங்க பொண்ணையும் ஒருதடவை காட்டிடுங்க" என்றார் டாக்டரம்மா.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். தாயில்லாப் பிள்ளை. அவளுக்கு மட்டும் இது வரக்கூடாது. வந்தால் நான் உயிரோடு இருந்து பயனில்லை. அந்தப் பயத்திலேயே நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

ஒரு மத்தியானம் அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். மேஜையருகே வந்ததும், அங்கே ஒன்றுமில்லாத இடத்தை ஒதுங்கி, சுற்றி நடந்தாள். தினமும் அப்படித்தான் நடக்கிறாள் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏம்மா சுத்திப் போற?"

"அவர் நிக்கிறாருல்லப்பா. கசங்கின சட்டை."

இஸ்திரிப்பெட்டியை அப்படியே போட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"பார்வை மங்கினா மூளை சும்மா இருக்காது, அதுவா படம் போட்டுக் காட்டும். நிறையப் பேருக்கு நடக்கிறதுதான்."

பிறகு மகளின் மோவாயைக் கருவியில் வைத்து, ஒவ்வொரு கண்ணாக நிதானமாகப் பார்த்தார்.

"ரெண்டும் பளிச்சுனு இருக்கு. நோயோட சுவடே இல்ல."

கும்பிட்டுவிட்டேன். கண்ணீர் வந்துவிட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. நோய் இல்லையென்றால் இவள் பார்ப்பது என்ன?

மகள் என் பக்கமாக நகர்ந்து, அந்தப் பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டாள்.

"எவ்வளவு நாளா பாக்குற?"

"சின்ன வயசிலேர்ந்து. உங்க கூடத்தான் நிப்பாரு. இப்ப நீங்க பாக்கறதில்லைன்னு என்கிட்ட வந்துட்டாருப்பா."

அவளை அணைத்துக்கொண்டு அந்த இடத்தைப் பார்த்தேன். பெஞ்சின் மரத்தில் ஓடிய ரேகை, ஆணித் தலை, தரையில் கிடந்த பஞ்சு எல்லாம் தெரிந்தன. வேறெதுவும் தெரியவில்லை. யாரிடமிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றுவது என்று தெரியாமல், பாழாய்ப்போன அந்தப் பழைய கண்ணுக்காக ஏங்கினேன்.