ஒரு வாளி இறால்

வாளி மூடி திறந்தது. சீ! செத்த இறால் நாற்றமும் ப்ளீச்சிங் பவுடர் நெடியும் சேர்ந்து, ஆய்வகமே கக்கூஸ் கழுவின மாதிரி ஆகிவிட்டது. ஆய்வாளரான அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வெளிறிப்போன நன்னீர் இறால்கள், முந்நூறாவது இருக்கும்.

"எப்படி, அசந்துட்டியா?" என்றார் அக்கா புருஷன். தீவுக் காட்டில் காவலர். வாயெல்லாம் பல்.

அந்த இறால் உலகத்திலேயே அந்தக் காட்டின் ஒற்றை ஓடையில்தான் உண்டு. மற்ற பல நன்னீர் இறால்களின் குஞ்சுகள் கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பும். இது பிறந்த குட்டையை விட்டு நகராத இனம். திங்கட்கிழமை சுற்றுச்சூழல் அதிகாரி வந்து, ஓடையில் அதை உயிரோடு பார்த்துவிட்டால் காட்டுக்குள் போடப்போகிற ரோடு நின்றுவிடும். அதற்குள் கையில் மாதிரியும் இருக்கட்டுமே என்று இவள்தான் போனில், "எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவும் கொண்டு வாங்க அத்தான்" என்று சொல்லித் தொலைத்திருந்தாள்.

"வலையில நாலுதான் மாட்டுச்சு. நாலைக் கொண்டுவந்து உன் மானத்தை வாங்கவா? மேல் குட்டையில பவுடரைக் கொட்டிட்டேன், ஓடை பூரா இறங்கிடுச்சு. மொத்தமும் மிதந்துடுச்சு. ஒண்ணு விடலை!"

"அடப்பாவி மனுஷா! ஒண்ணுகூடவா?"

"சத்தியமா. கல்லைக்கூடப் புரட்டிப் பார்த்தேன்."

இடுக்கியால் ஒன்றைத் திருப்பினாள். வயிற்றடியில் முட்டைகள், வெந்த ஜவ்வரிசி மாதிரி. அடுத்ததிலும் முட்டை. அதற்கடுத்ததிலும். ஓங்கரித்துக்கொண்டு சிங்குக்கு ஓடினாள்.

"உடம்புக்கு முடியலையாம்மா?" அத்தான் பின்னாலேயே வந்தார். "பார்த்து முடிச்சதும் மிச்சத்தைக் குடு. நல்லா அலசினா அக்கா வறுத்துடுவா. வீணாப் போகுதுல்ல."

அந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. தன் வாயை நினைத்தால் அதைவிட.

திங்கட்கிழமை அதிகாரி முட்டியளவு தண்ணீரில் இறங்கி ஒரு மணி நேரம் தேடினார். ஓடை சுத்தமாக இருந்தது. ஒரு பூச்சிகூட இல்லை.

"போன வாரம் வரைக்கும் இருந்துச்சுன்னு சொல்றீங்க. யார் பண்ணின வேலை இது?"

அத்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"நான்தான் சார்," என்றாள். "எல்லாத்தையும் கேட்டவ நான்தான்."

அதிகாரி உச்சுக்கொட்டினார். படிவத்தில் 'இறால் இல்லை' என்று எழுதி, கையெழுத்துக்கு அவளிடமே நீட்டினார்.