ஆகாயத்தாமரை விட்ட வழி

வேப்பஞ்சேரி ஏரியில் வெட்டி, லாரியில் ஏற்றி, ஒரகடம் பக்கம் கொட்டிவிட்டு வந்த ஆகாயத்தாமரை மூன்றாம் நாள் நடந்தே திரும்பி வந்தது. சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் மூடியிருந்ததில் அரைமணி நேரம் தாமதம், அவ்வளவுதான். ஏரியில் இறங்கி, பழைய இடத்திலேயே ஊதாப்பூ பூத்தது. மருந்து அடித்தார்கள், மீன்தான் செத்தது. இலை தின்னும் வண்டு விட்டார்கள். வண்டுகள் தின்று கொழுத்துப் பறந்துபோயின. ஒரு கணு மிச்சமிருந்தால் போதும், பதினைந்தே நாளில் இரட்டிப்பாகிவிடும். அப்பப்பா, என்ன செடி அது!

பஞ்சாயத்துக் கூலிக்கு இருபத்திரண்டு வருஷம் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதை அறுத்தவர் ஏசுதாஸ். அறுத்த இடம் அவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மூடிக்கொள்ளும். வாய் ஓயாமல் திட்டுவார். ஆனாலும் அவர் போகிற பக்கமெல்லாம் பூக்கள் திரும்பிப் பார்க்கும். ஊரே அதைக் கண்டிருக்கிறது.

போன ஐப்பசியில் அவர் இறந்தார். காலனியின் கல்லறைத் தோட்டம் அக்கரையில். அதற்கிருந்த ஒரே பாதையை அடுக்குமாடிக்காரர்கள் மதில் எழுப்பி மறித்த நாளிலிருந்து காலனிச் சவப்பெட்டிகள் படகில்தான் போகும். அன்றைக்குப் படகை நகர்த்தவே செடி விடவில்லை. செங்கல்பட்டில் அடக்கம் செய்யலாம் என்றார்கள். அவர் மனைவி சாராள் ஒரே பிடியாக மறுத்தார். சின்ன வயசிலேயே போய்விட்ட மகள் ஜெஸ்ஸி பக்கத்தில்தான் தனக்கு இடம் என்று ஏசுதாஸ் சொல்லி வைத்திருந்தார்.

சாராள் கரைக்குப் போய்ச் செடியிடமே பேசினார்.

"இருவத்திரெண்டு வருசம் உன்னாண்டயேதான் கெடந்தாரு. இப்போ பொண்ணாண்ட போய்ப் படுக்கணும். வழி வுடு."

செடி விலகும் என்றுதான் எல்லோரும் நின்றார்கள். விலகவில்லை. இலையோடு இலை இறுகி, சிமென்ட் ரோடு மாதிரி கெட்டிப்பட்டது. பொக்லைன் ஓட்டும் பூபாலன் ஒரு காலை வைத்துப் பார்த்தார். அப்புறம் பெட்டியின் தலைமாட்டைத் தூக்கினார். எண்பது பேர் பாட்டுப் பாடிக்கொண்டு ஏரிமேல் நடந்தார்கள். பூக்கள் அத்தனையும் பெட்டியோடு திரும்பின. அடுக்குமாடிக்காரர்கள் பால்கனிகளில் நின்று பார்த்தார்கள்.

அடுத்த வாரம் பொக்லைனோடு வந்த பூபாலன், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சாராளிடம் கேட்டார். கல்லறை வரைக்கும் ஆறடி அகலம் விட்டுவிட்டு மற்றதை அள்ளச் சொன்னார் சாராள். அள்ளியது மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அந்த ஆறடிக்குத் தெருவிளக்கு கேட்டுக் காலனிக்காரர்கள் பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் சாராள் அதன்மேல் நடந்துபோய் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வருகிறார். செருப்பு நனைவதில்லை.