தோப்புக்கு ஒரு கத்தி

என் புருஷன் ஜான்சனுக்கு நாற்பத்தொரு வயதில் டென்ட் பைத்தியம் பிடித்தது. பதினாறு வருஷம் கார் பார்ட்ஸ் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தவர். கம்பெனி மூடியதும் வேறு வேலை தேடுவார் என்று பார்த்தால், "கடலோரமா ஒரு கேம்ப் போடலாம் ரெஜி, சென்னைல இருந்து ஜனம் வரும்" என்று ஆரம்பித்துவிட்டார். நான் செங்கல்பட்டில் நர்ஸ். டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் ஹாலில் டென்ட் நிற்கும். டிவி பார்க்க அதற்குள் தவழ்ந்துதான் போகணும். என் தலையெழுத்து!

சரி, கேம்ப் போட இடம் வேண்டுமே? மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஷஃபியுல்லா பாய்க்கு எட்டு ஏக்கர் சவுக்குத் தோப்பு இருக்கிறது. தோப்பு முடிந்தால் மணல், மணல் முடிந்தால் கடல். அங்கே போய் நின்றதும் ஜான்சன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கம்பெனி மூடிய நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. டென்ட்டைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கே அந்த நிமிஷம் வெறி வந்துவிட்டது. இந்தத் தோப்பு கிடைத்தே ஆகணும்.

பாய் வாடகை பற்றிப் பேசவே இல்லை. "இன்னா கத்தி வெச்சிகினு கீற?" என்று கேட்டார்.

"கத்தியா பாய்?"

"தோப்புல தங்குறவனுக்குக் கத்தி வோணாமா? ஒரே ஒரு கத்தி. ஞாயித்துக்கெயம எத்துகினு வந்து காட்டு. அப்பால பேசலாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாயின் மனைவி ஜஹனாரா டீ கொடுக்கும்போது காதோடு சொன்னார். "போன வாரம் மோகன்னு ஒரு ஆளு வந்தான். இம்மாம் பெரிய வெட்டருவா. இவர் கையில நீட்டுனான். இவரும் வாங்கிப் பாத்துட்டு, அவன் கையிலயே திருப்பிக் குடுத்து, போய்ட்டு வாய்யான்னு அனுப்பிச்சிட்டாரு. எல்லா மரத்தையும் வெட்டித் தள்ளிடுவான்னு பயம். இந்த மனுசனுக்கு மரம்னா பெத்த புள்ளைங்க மாரி."

ஜான்சன் மூன்று நாள் போனைப் பார்த்துப் பார்த்து ஆன்லைனில் ஒரு கத்தி வாங்கினார். அடேயப்பா, என்ன பளபளப்பு! முதுகில் ரம்பப் பல். பிடி மூடியில் திசைகாட்டி. பிடிக்குள் தீக்குச்சி. பெட்டியைப் பிரித்ததும் பெருமையோடு என் கையில் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் எங்களுக்குள் சண்டை.

"தீப்பெட்டிய பாக்கெட்ல வெச்சிக்கக் கூடாதாய்யா?"

"உனக்கு இன்னா தெரியும்? எமர்ஜென்சிக்குடி!"

எமர்ஜென்சி உடனே வந்தது. மொட்டை மாடியில் ஒரு சவுக்குக் கட்டையை நிறுத்தி வெட்டினார். மூன்றாவது வெட்டில் பிடி அவர் கையில் இருந்தது, கத்தியைக் காணோம். அது பறந்துபோய் பக்கத்து மாடியில் செங்கம்மாள் காயவைத்திருந்த வடகத்துக்கு நடுவே விழுந்து கிடந்தது. நல்லவேளை, அந்த அம்மா அப்போதுதான் கீழே இறங்கியிருந்தார். எடுத்துப் பார்த்தால், அத்தனை பெரிய கத்தியின் இரும்பு பிடிக்குள்ளே ஒரு விரல் நீளம்தான் போயிருக்கிறது. மீதியெல்லாம் தீக்குச்சி வைக்கிற பொந்து.

ஜான்சன் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "வுட்டுடலாம் ரெஜி. எனக்கு எதுவும் செட்டாவாது."

எனக்கு வந்ததே கோபம்! கத்தி உடைந்ததற்கு இல்லை, அந்தச் சிரிப்பு போய்விட்டதே என்றுதான். "எந்திரி. சட்டையப் போடு" என்றேன்.

அச்சரப்பாக்கத்தில் கல்யாணி என்று ஒரு அம்மாள் இரும்புக்கடை வைத்திருக்கிறார். வாசலெல்லாம் மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை. "இன்னா வெட்டப் போறீங்க?" என்று அவர் கேட்டதற்கு ஜான்சன் மடமடவென்று ஒப்பித்தார். விழுந்து கிடக்கிற கட்டையைப் பிளக்கணும், டென்ட்டுக்கு முளை செதுக்கணும், இளநீர் சீவணும், கயிறு அறுக்கணும், மீன் கழுவணும்.

"பச்ச மரம்?"

"ஐயோ, தொடவே மாட்டேங்க."

"அப்ப வெட்டருவா எதுக்கு? அது ரொம்ப கனம்" என்று ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, ஏழெட்டுக் கத்திகளை எடுத்துப் பரப்பினார்.

இனி என் வேலை. கத்தி பட்டு வருகிறவர்களுக்குத் தையல் போட உதவி உதவியே எனக்கு ஒன்று தெரியும். முக்கால்வாசிப் பேரை வெட்டியது எதிராளி இல்லை, ஈரக் கையில் வழுக்கிய அவர்கள் கத்திதான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். வழுக்கினால் கழித்தேன். பிடியின் பின்பக்கம் இரும்பு தெரியாவிட்டால் அதையும் கழித்தேன். ஜான்சனும் உற்சாகமாகிவிட்டார். முதுகைத் தடவிப் பார்த்தார், சுண்டிவிட்டுச் சத்தம் கேட்டார்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நீளம், தடித்த முதுகு, இரும்பு பிடியின் கடைசி வரை ஓடி மூன்று ரிவிட் அடித்திருந்தது. பளபளப்பே இல்லை, அடுப்படித் தோசைக்கல் மாதிரி கறுப்பு. எனக்குப் பிடித்துவிட்டது.

கல்யாணி அதைத் துடைத்து, கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்தார். "எடுத்துக்கம்மா. கத்திய கைக்குக் கை குடுத்தா சண்ட வரும். வழியில போறவன்னா கையிலயே குடுத்து அனுப்பிச்சிடுவேன். நீங்க மறுபடி வரணும் இல்ல?"

நான் ஜான்சனைப் பார்த்தேன். "அன்னிக்கு என் கையில குடுத்தியே, அதான்!" இரண்டு பேரும் கடை வாசலிலேயே விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை தோப்புக்குப் போனோம். பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஜான்சன் எந்த மரத்தையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காற்றில் விழுந்து காய்ந்த கட்டை ஒன்றைப் பொறுக்கி வந்து நிறுத்தினார். அதன் தலையில் கத்தியை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினார். நாலு தட்டில் இரண்டாகப் பிளந்தது. அதையே சிராய் சிராயாகச் சீவி அடுப்பு மூட்டினார். மீதியில் ஒரு முளை செதுக்கி மணலில் அடித்தார். மாதாவே, காப்பாத்து என்று நான் விரலைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பாய் முகத்தில் ஒன்றும் இல்லை. "எங்க, கொண்டா" என்றார்.

ஜான்சன் பதற்றத்தில் எல்லாவற்றையும் மறந்து கத்தியை அவர் கையில் நீட்டினார். பாய் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஜான்சன் முகம் செத்துப்போனது. "புடிக்கலியா பாய்?"

எனக்கோ உடனே உறைத்துவிட்டது. மோகன் நீட்டியபோது கையில் வாங்கியவர் இவர்! திரும்ப வராத ஆளிடம் வாங்கினால் என்ன, கொடுத்தால் என்ன?

"கீய வைய்யா மொதல்ல" என்று பாய் அதட்டினார். "வருசக்கணக்குல ஒண்ணா இருக்கப் போறோம், இப்பவே சண்டைய இஸ்துக்கறதா?"

நான் போட்ட கூச்சலில் ஜஹனாரா தோப்பு வீட்டிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். ஜான்சனுக்கு இன்னும் உறைக்கவில்லை, நீட்டிய கையோடு அப்படியே நின்றார். "யோவ், கீய வைய்யா!" என்று நானும் கத்தினேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஜான்சன் கத்தியை மணலில் வைத்தார். பாய் குனிந்து எடுத்துக்கொண்டார்.