ஒரே கப்பில் இரண்டு

மெக்கானிக்குக்கு எதையும் படித்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற மனிதர். ஃபிரிட்ஜோடு வந்த புத்தகத்தை எங்கேயோ போட்டுவிட்டு ஊரே இவரைக் கூப்பிடும். இவர் போய் முதலில் அந்தப் புத்தகத்தைத் தேடச் சொல்வார். கல்யாணத்துக்கும் அப்படி ஒன்று கொடுத்திருந்தால் மனப்பாடம் செய்திருப்பார். யாரும் கொடுக்கவில்லை. அதிலும் நாற்பதைத் தாண்டிச் செய்துகொண்ட கல்யாணம். மனைவியோடு எட்டு வயதில் ஒரு பெண்ணும் வீட்டுக்கு வந்தாள்.

குட்டி நல்ல பிள்ளைதான். அடம் கிடையாது, சண்டை கிடையாது. அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள், அவ்வளவுதான். அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. "சாப்பிட வரணுமாம்" என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போவாள். மூன்று பேரும் வெளியே போனால் அம்மாவின் அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொள்வாள். "போகப் போக சரியாயிடும்ங்க" என்பாள் மனைவி. இவரும் தலையாட்டுவார். ஆனால் இந்தப் பெண் தன்னைக் கடைசிவரை ஒதுக்கிவிடுவாளோ என்ற பயம் மனிதருக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

அந்தப் பயத்தில்தான் ஒரு நாள் தக்காளி விதைப் பாக்கெட்டோடு வந்தார். காகித டீ கப்புகளின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கின உரமும் கலந்து அவரும் குட்டியுமாக நிரப்பினார்கள்.

"கப்புக்கு ரெண்டு போடு. ஒண்ணு வரலைன்னாலும் இன்னொண்ணு வரும்."

குட்டி ஒவ்வொரு விதையையும் விரல் நுனியில் ஒற்றி எடுத்து வைத்தாள். மெக்கானிக் கப்புகளைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் தலையில் அடுக்கினார்.

"ஃபிரிட்ஜ் குளிராத்தானே இருக்கும்?" அவரை நேராகப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய தள்றதுதான் அதோட வேலை. அந்தச் சூடு மேல வரும். விதைக்கு அது சுகமா இருக்கும்" என்று ஆரம்பித்தவர், சந்தோஷத்தில் கம்ப்ரஸர் வரை போய்விட்டார். மனைவி இருமிக் காட்டிய பிறகுதான் நிறுத்தினார்.

எல்லாக் கப்பிலும் இரண்டு இரண்டாக முளைத்தன. ஜன்னலுக்கு மாற்றினார்கள். பல்கூடத் தேய்க்காமல் குட்டி அங்கே போய் நிற்பாள். நாற்றைப் பார்ப்பதா, அவளைப் பார்ப்பதா என்று மெக்கானிக்குக்குத் தெரியாது. வீட்டில் நல்ல காலமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தார். நாலு இலை விட்டதும் கப்புக்கு வலுவான ஒரு நாற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நறுக்கிவிடவும் என்று போட்டிருந்தது. போட்டிருந்தால் செய்ய வேண்டியதுதானே? குட்டி பள்ளிக்கூடம் போன நேரத்தில் கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு கப்பிலும் சின்னதை மண்ணோடு ஒட்ட நறுக்கினார். வேலை படு சுத்தம்.

சாயங்காலம் குட்டி பையைக் கழற்றாமலே ஜன்னலுக்குப் போனாள். ஓரத்துக் கப்பைக் கையில் எடுத்தாள்.

"சின்னது எங்க?"

"வெட்டிட்டேன்மா. ரெண்டு இருந்தா ஒண்ணோட சாப்பாட்டை ஒண்ணு புடுங்கிக்கும். பெருசு நல்லா வளரணும்ல."

"பெருசு அம்மா. சின்னது நான்" என்றாள் குட்டி.

அழவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை. கப்பை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, உள்ளே போய் அம்மாவின் கட்டிலில் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

மெக்கானிக்குக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் தன்னை ஒதுக்கிவிடுவாளோ என்று இவர் பயந்துகொண்டிருந்த அத்தனை நாளும், இவர் தன்னை அம்மாவிடமிருந்து ஒதுக்கிவிடுவாரோ என்று அந்தப் பிஞ்சு பயந்துகொண்டிருந்திருக்கிறது. இவர் கத்தரிக்கோலை எடுத்து அதைச் செய்தே காட்டிவிட்டார். மனிதருக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

நர்சரிக்காரருக்குப் போன் போட்டார்.

"தக்காளிதானே? தண்டை ஈர மண்ணுல சொருகி, வெயில் படாம மூடி வைங்க. தண்டுலயே வேர் விடும்."

"கண்டிப்பா விடுமா?"

"செடிக்கெல்லாம் கியாரண்டி கார்டு குடுக்கறது இல்ல சார்."

மனைவி வேலை முடிந்து வந்தபோது, புருஷன் குப்பைக்கூடையைக் கவிழ்த்து வெங்காயத் தோலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். "என்னங்க கோலம் இது?" என்றாள். சொன்னார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள்.

வாடிப்போன நாற்றுகளை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு மெக்கானிக் கட்டிலருகே போனார்.

"குட்டி, நான் பண்ணது தப்புமா. இதுல நீ எதுன்னு எனக்குத் தெரியல. நீதான் பாத்துச் சொல்லணும்."

குட்டி எழுந்து உட்கார்ந்து தட்டைப் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள். "இதுதான்."

ஓரத்துக் கப்பில் பெரியதன் பக்கத்திலேயே அதைச் சொருகி, பாதியாக வெட்டிய பாட்டிலால் மூடினார்கள். அது அப்படியே சாய்ந்து கிடந்தது. மெக்கானிக் ரிப்பேர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து வந்து பார்த்தார். "வேலை ஒண்ணும் இல்லையா உங்களுக்கு?" என்று மனைவி கேட்டே விட்டாள். ஒரு வாரம் போன பிறகு, ஒரு காலையில் அது தலையைத் தூக்கி நின்றது. "அம்மா, எந்திரிச்சிட்டேன்" என்று குட்டி கத்தியதில் மெக்கானிக் பாதி சவரத்தோடு ஓடி வந்தார்.

தொட்டிக்கு மாற்றுகிற நாளில், கப்பைக் கையில் வாங்கியவர் குனிந்து பார்த்தார். இரண்டுக்கும் நடுவே இன்னொரு முளை, இரண்டே இரண்டு இலையோடு நின்றது.

"மூணும் ஒரே தொட்டியிலயா? காய்க்குமா?" என்றாள் மனைவி.

"காய்க்கலைன்னா கடையில வாங்கிக்கலாம்" என்றார் அவர். குட்டியிடம் திரும்பினார். "இது யாரு போட்டது?"

"நான்தான். இது நீங்க" என்றாள் குட்டி. அவரை ஒரு தடவை, முளையை ஒரு தடவை பார்த்தாள். "லேட்டா போட்டதால ரொம்பக் குட்டியா இருக்கீங்க."

மெக்கானிக் கண்ணைத் துடைக்கலாம் என்றால் கையெல்லாம் மண்.

"வளந்துடறேன்மா" என்றார்.