வா என்று ஒரு விசில்

மலைக்காடான போனக்காட்டில் குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவர் மேலே பார்க்க, மற்றவர் கீழே பார்ப்பார். மேலே பார்க்கிறவருக்குப் பறவை, கீழே பார்க்கிறவருக்கு யானை. ஜெஸ்லின் மேலே பார்க்கிறவள். கழக்கூட்டம் டவுன் ஆபீசில் வாரம் முழுக்கக் குனிந்து கிடக்கும் கழுத்துக்கு இதுதான் வைத்தியம் என்று சொல்லிக்கொள்வாள். அவளுக்காகக் கீழே பார்க்கிறவர் லிங்கம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர், தோட்டம் நொடித்த பிறகு காட்டுக்கு வழிகாட்டியாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

காட்டுக்குள் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. விசில்தான். இரண்டு குட்டை விசில் கேட்டால் அசையாமல் நிற்க வேண்டும். தாழத் தொடங்கி மேலே ஏறும் நீட்டு விசில் கேட்டால், சத்தம் வந்த பக்கம் உடனே போக வேண்டும். பாதை தொடங்கும் இடத்திலேயே லிங்கம் இரண்டையும் அடித்துக் காட்டினார்.

"நீட்டு விசில் கேட்டா, ஒரு போட்டோ எடுத்துட்டு வாறேன்னு நிக்கப்பிடாது, கேட்டோ மேடம்."

"நிக்க மாட்டேண்ணே."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு, அது ஜெஸ்லினுக்கும் தெரியும். போன டிசம்பரில் இதே பாதையில்தான் லிங்கத்தின் அக்காள் புருஷன் தங்கப்பன் யானையிடம் அகப்பட்டுச் செத்தார். அவரும் வழிகாட்டி, இருபது வருஷப் பழக்கம். மூடுபனிக்குள் லிங்கம் ஒரு பக்கம் நின்று நீட்டு விசில் அடிக்க, அந்த மனுஷன் மறுபக்கம் நின்ற யானையிடம் நேராக நடந்து போனார். ஊர் உடனே தீர்ப்பு எழுதிவிட்டது, குடித்திருப்பான் என்று. அவர் குடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது என்று அவர் மனைவி செண்பகவல்லி அக்கா வாய் வலிக்கச் சொன்னாள். யார் கேட்டார்கள். கூடப் பிறந்த தம்பியே கேட்கவில்லை.

ஒன்பது மணிக்குள் ஜெஸ்லினின் தாளில் முப்பது பறவைகள் ஏறிவிட்டன. அதில் காடுமுழக்கி நான்கு. வாலிலிருந்து இரண்டு கம்பி நீண்டு நுனியில் துடுப்பாக விரியும் கறுப்புப் பறவை அது. சொந்தக் குரல் போதாதென்று பருந்து, அணில், பூனை என்று காதில் விழுந்ததையெல்லாம் பேசிக்காட்டும் போக்கிரி. அன்றும் ஒன்று பருந்தாகக் கத்தி, மற்றக் குருவிகளை விரட்டிவிட்டு, அவை விட்டுப்போன பூச்சியை விழுங்கியது. ஜெஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் அவள் வந்தது வேறொன்றுக்காக. காஷ்மீர் ஈப்பிடிப்பான், கைக்குள் அடங்கும் பறவை. குளிருக்குத் தெற்கே இறங்கும்போது இந்த மலையில் தங்கினால் அதிசயம். லிங்கம் வளைவு திரும்பியிருந்த நேரம் பார்த்து அது எட்டடி தூரத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தது. தொண்டையில் செம்மஞ்சள், அதைச் சுற்றிக் கறுப்புக் கோடு. ஜெஸ்லின் தன் மடத்தனத்தை அங்கேதான் செய்தாள். கீழே பார்க்க ஆளில்லாமல் மேலே பார்த்தாள். ஒரு நிமிஷம் என்று நினைத்தாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று.

பைனாகுலரை இறக்கியபோது பாதையைக் காணவில்லை. மூடுபனி இடுப்பு வரை ஏறி, பிறகு முகத்தையும் மூடியது. எங்கோ ஒரு கிளை முறிந்தது. இரண்டு குட்டை விசில் கேட்டது. நின்றாள். சாணமும் பச்சிலையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. பெரிய வயிறு ஒன்று உறுமும் சத்தம் வந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, அதுதான் கொடுமை. போனில் ரேஞ்ச் இல்லை. அம்மா நினைவு வந்தது.

நீட்டு விசில் கேட்டது, வலப்பக்கம். அப்பாடா என்று ஒரு காலை எடுத்து வைத்தாள். இடப்பக்கமிருந்தும் அதே நீட்டு விசில் கேட்டது.

எடுத்த கால் அப்படியே நின்றது. ஒன்று லிங்கம். மற்றது காடுமுழக்கி. தங்கப்பன் எதைக் கேட்டு நடந்தார் என்பது அந்த நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன பயன். தப்பான பக்கம் போனால் அடுத்த டிசம்பரில் அவளைப் பற்றியும் இதே பாதையில் கதை சொல்வார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வலப்பக்க விசில் சுத்தமாக இருந்தது. தாழத் தொடங்கி, வழுக்கிக்கொண்டு ஏறி, அழகாக முடிந்தது. மறுபடி கேட்டபோதும் இம்மி பிசகவில்லை. இடப்பக்க விசில் பாதியில் காற்றாகப் போனது. இரண்டாம் முறை தொடங்கவே திணறி, நடுவில் உடைந்து, எப்படியோ ஏறியது. பறவைக்கு எதற்குப் பயம், மனப்பாடம் செய்ததை அது ஒப்பிக்கிறது. ஒரு ஆளை ஏற்கெனவே பறிகொடுத்த மனுஷனுக்குத்தான் வாய் உலரும். ஜெஸ்லின் அந்த உடைந்த விசிலை நோக்கி இடப்பக்கம் நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் உயிர் போய் வந்தது.

பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு பாறைக்குப் பின்னால் இழுத்தது. லிங்கம்தான். உதடெல்லாம் வெளுத்திருந்தது. சற்று முன் அவள் நின்ற இடத்துக்கு வலப்பக்கம் பனி கறுத்து அசைந்தது. கொம்பன் யானை நிதானமாகப் பாதையைக் கடந்து இறங்கிப் போனது.

அது போன பிறகும் இருவரும் மூச்சை அடக்கியே உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அந்த நீட்டு விசில் மறுபடி கேட்டது, வலப்பக்கத்து மரத்திலிருந்து, சுத்தமாக. லிங்கம் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என் விசிலாக்கும்," என்றார் மெதுவாக.

"காடுமுழக்கி, அண்ணே. உங்ககிட்ட படிச்சிருக்கு."

அவர் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கும் எனக்கு வாய் உணங்கிப்போச்சு மேடம். சரியா விசில் வந்நில்ல. மச்சான் நல்லா கேட்ட பக்கம் போயிருக்காரு," என்று சொல்லிவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதார். ஜெஸ்லினும் அழுதாள்.

மத்தியானம் லயத்துக்கு இறங்கினார்கள். செண்பகவல்லி அக்கா கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். லிங்கம் எல்லாவற்றையும் சொன்னார், விசிலைக்கூட அடித்துக் காட்டினார். மச்சான் குடிக்கவில்லை என்று முதல் முறையாகத் தன் வாயால் சொன்னார்.

அக்கா கையிலிருந்த துணியை உதறி விரித்து, துணிக் கிளிப்பை மாட்டினாள்.

"ஒரு வருஷமா நான் சொன்னேன், நீ கேக்கல்ல. குருவி சொன்னாத்தான் கேப்பியா, லிங்கம்?"