சுவர் ஏறும் விரல்கள்

ஹாஃபிஸாவின் வலது தோள் இறுகிப்போனதில் ஒரே ஒரு நன்மை, துபாயிலிருக்கும் புருஷன் ஃபாஜில் தினமும் கூப்பிட ஆரம்பித்தான். அதற்கு முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமைதான். "சாப்ட்டியா, புள்ளைங்க படிக்கிதா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். போனிலேயே குடும்பம் நடத்தியவள் அதற்கும் பழகிப்போயிருந்தாள்.

"மூட்டைச் சுத்தி பை மாதிரி ஒரு சவ்வு இருக்குங்க. அது தடிச்சு சுருங்கிடுச்சு," என்றாள் முத்துப்பேட்டை பிசியோதெரபி டாக்டர் அம்ருதா. "வெடுக்குன்னு இழுத்தா இன்னும் இறுகும். மெதுவா இழுத்துப் பிடிச்சிருந்தா விட்டுக்கொடுக்கும். தினமும் சுவத்துல விரலால நடந்து கையை மேல ஏத்துங்க."

இதையெல்லாம் யார் மெனக்கெட்டுச் செய்வது? ஃபாஜில்தான் விடவில்லை. "சாயங்காலம் வீடியோல வர்றேன். என் முன்னாடி செய்" என்றான். சூப்பர்மார்க்கெட் குடோனில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, அவள் விரல்கள் நண்டு மாதிரி சுவரில் ஏறுவதைப் பார்ப்பான். "இன்னும் கொஞ்சம்... அங்கயே நிறுத்து, மூச்சு விடு." வாய் ஓயாது. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை, மகராசன்.

கை மேலே போகப் போக அவளுக்குப் பயம் வந்தது. குணமாகிவிட்டால் மறுபடி வெள்ளிக்கிழமைதானே? ஸ்விட்ச் போர்டைத் தாண்டக்கூடிய விரல்களை அதற்குக் கீழேயே நிறுத்தி, "முடியலே மச்சான்" என்று முகத்தைச் சுளித்தாள். நடிப்பு நன்றாகவே வந்தது.

அன்றைக்கும் அப்படிப் பாதியில் நின்றிருந்தபோது பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஒலித்தது. பாங்கு கேட்டதும் தலையை மூடிப் பழகிய கை சும்மா இருக்குமா? வலது கை விருட்டென்று உயர்ந்து, தோளில் நழுவியிருந்த முக்காட்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டது. பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

பாங்கு முடிந்ததும் அவள் கையை மெல்லக் கீழே இறக்கினாள்.

"நேத்தும் இதே மாதிரிதான் தூக்குனே," என்றான் ஃபாஜில்.

"அப்பவே ஏன் சொல்லலே?"

"நீ ஏன் சொல்லலே?"

"சொன்னா போன் பண்ண மாட்டீங்க. எனக்கு உங்களைப் பாத்துக்கிட்டே இருக்கணும் மச்சான்."

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் திரையில் மூட்டைகள் மட்டும்தான் தெரிந்தன. பிறகு, "அந்த இடது கையைக் காட்டு," என்றான். "அதுவும் இறுகுன மாதிரிதான் இருக்கு. அதையும் ஏத்திப் பாத்துடுவோம்."

ஹாஃபிஸா ஒரு குறையும் இல்லாத இடது கையைச் சுவரில் வைத்து, இடுப்பு உயரத்தைக்கூடத் தாண்டவிடாமல், "முடியலே" என்றாள்.