நிறைஞ்ச ஒன்பது

"சத்தமா எண்ணு. கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கட்டும்" என்றாள் வமைதா டீச்சர்.

நியேரி மலையில் பனி இன்னும் விலகவில்லை. அன்று அறிவியலும் கணக்கும் சேர்ந்த நாள். டப்பாக்களில் விதைத்த பீன்ஸில் எத்தனை முளைத்தன என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பெற்றோர் முன்னால் எண்ணிச் சொல்ல வேண்டும். முதல் ஆளாக நியாகியோவை அழைத்தது தற்செயல் அல்ல. கடைசி பெஞ்சில் அவளுடைய அம்மா, சர்ச்சுக்குக் கட்டும் தலைத்துணியோடு உட்கார்ந்திருந்தாள்.

சென்ற மழைக்காலத்தில் வமைதாவின் குழந்தை பிறந்து ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அடக்கம் முடிந்து திரும்பும்போது நியாகியோவின் அம்மா, வமைதாவின் காதுபடவே சொன்னாள்: "கணக்கு டீச்சராச்சே! வயித்துல இருந்ததையும் விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்தா. உயிர எண்ணினா நிக்குமா?" மன்னிக்கும் மனதைக் கேட்கத்தான் வமைதா தினமும் ஜெபத்தில் கண்ணை மூடினாள். மூடியதும் கேட்டது வேறு. ஊர் முன்னால் அந்த வாய் அடைபட வேண்டும், ஆண்டவரே.

நியாகியோ டப்பா டப்பாவாக, இலையைத் தொட்டும் தொடாமலும் எண்ணினாள். "ஏழு, எட்டு, ஒன்பது..." கடைசி டப்பாவில் விரல் தயங்கியது. "நிறைஞ்ச ஒன்பது."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "ஏய், அது ஆட்டுப்பட்டிக் கணக்குடி!" "மே...!"

பத்து என்று வாய்விட்டு எண்ணினால் உயிர் தங்காது என்று, ஆளையும் ஆட்டையும் 'நிறைஞ்ச ஒன்பது' என்றே எண்ணும் வீட்டில்தான் வமைதாவும் வளர்ந்தாள். செடிக்கு அந்த விலக்கு இல்லை. உயிர் என்றால் எல்லாம் ஒன்று என்று பிள்ளை நினைத்துவிட்டது. வமைதாவுக்கு அது புரிந்தது. புரியாததுபோல் நின்றாள்.

"ஒன்பதுக்கு அப்புறம் என்ன? வீட்டுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" கேள்வி பிள்ளைக்கு, பார்வை கடைசி பெஞ்சுக்கு. அந்த அம்மா தலைத்துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். வமைதாவுக்கு நாக்கில் தேன் பட்டதுபோல் இருந்தது.

"பத்துன்னு சொல்லு. சொன்னாத்தான் உக்காரலாம்."

"மாட்டேன் டீச்சர்."

"ஏன்?"

"சொன்னா செத்துடும். உங்க பாப்பா மாதிரி."

சிரிப்பு நின்றது. ஒவ்வொரு தலையாகக் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பியது. அது யாருடைய பேச்சு என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெபத்தில் கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. வமைதா சுண்ணக்கட்டியை இறுகப் பிடித்தபடி நின்றாள். நியாகியோ ஸ்வெட்டர் கையில் மூக்கைத் துடைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் டப்பாக்களை அணைத்து மறைத்தாள். தன்னிடமிருந்துதான் மறைக்கிறாள் என்று வமைதாவுக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று.

"உக்காரும்மா" என்றாள்.

பிள்ளை உட்காரவில்லை. கழித்தல் போடும்போது அசைவதுபோல் உதடுகள் அசைந்தன. பிறகு கடைசி டப்பாவை எடுத்து இரு கைகளாலும் நீட்டினாள்.

"இத நீங்க வெச்சுக்கோங்க டீச்சர். இப்ப எங்கிட்ட ஒன்பதுதான். எண்ணினா ஒண்ணும் ஆவாது."

பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. அந்த அம்மா எழுந்துவிட்டாள், வாசலுக்குப் போகவா, வமைதாவிடம் வரவா என்று தெரியவில்லை. முளை இன்னும் விதைத்தோலைத் தலையில் தொப்பியாகச் சுமந்திருந்தது. டப்பாவின் அடித்துளையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக வமைதாவின் செருப்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது.